பிங்க் லைன் நிலையங்களுக்கு எந்த வெளிச்சம்? நம்ம மெட்ரோ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரு மெட்ரோ ரயில் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும், பிங்க் லைன் நிலையங்களின் விளக்குப் பணியைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

டேனரி ரோட்டிலும் பாட்டரி டவுனிலும் சிவாஜிநகரிலும் இப்போது யாரைப் பார்த்தாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "மெட்ரோ எப்போ திறக்குறாங்களாம்?" டீக்கடை, சலூன், கோயில் வாசல், மாதா கோயில் வாசல் என்று எங்கே நின்றாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. பிங்க் லைன் என்கிற இந்த மெட்ரோ தடம் காளேன அக்ரஹாராவிலிருந்து நாகவாரா வரை 21.26 கிலோமீட்டர். டெய்ரி சர்க்கிளில் தொடங்கி நாகவாரா வரை 13.76 கிலோமீட்டர் மண்ணுக்குள். மொத்தம் 18 நிலையங்கள், அவற்றில் 12 தரைக்குக் கீழே. எங்கள் தெருப் பிள்ளைகள் இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இந்தத் தடம் வளர வளர அவர்களும் கூடவே வளர்ந்தவர்கள்.

காத்திருந்த காலம் சின்னதில்லை. 2019-ல் எம்.ஜி. ரோடு நிலையத்துக்காகக் காமராஜ் ரோட்டை அடைத்தார்கள். 2024-ல்தான் அதில் ஒரு பக்கம் வண்டி போகத் திறந்தது. அதுவரை கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் சுற்றிக்கொண்டு போனோம். 2020-ல் சுரங்கம் குடையும் வேலை தொடங்கியது. அதற்கு இறங்கிய இயந்திரங்கள் மொத்தம் ஒன்பது. ஊர்ஜா, அவனி, விந்தியா, பத்ரா, துங்கா என்று அவற்றின் பெயர்களை, ஏதோ சொந்தக்காரர் வீட்டுப் பெண்களை விசாரிப்பது போல நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்தோம். 2024 அக்டோபர் கடைசியில் துங்கா நாகவாராவில் பாறையை உடைத்து வெளியே வந்ததும் தோண்டும் வேலை முடிந்தது. அந்த வீடியோவை எங்கள் பக்கத்தில் ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டார்கள். டேனரி ரோட்டுக்கு அடியில் இப்படி ஒன்று நடக்கும் என்று இங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

திறப்புத் தேதியைக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. பாதுகாப்புச் சோதனையெல்லாம் நிதானமாக முடியட்டும். நான் எழுதுவது விளக்குகளைப் பற்றி. முப்பது வருடமாக இந்த ஊரில் வயரிங் வேலையும் லைட்டிங் வேலையும் செய்து பிழைப்பவன் நான். கடை, கல்யாண மண்டபம், கிளினிக், ஜவுளி ஷோரூம் என்று நிறைய இடத்தில் விளக்கு மாட்டியிருக்கிறேன். ஃபால்ஸ் சீலிங் மூடி, ஃபிட்டிங் ஏறி, திறப்பு விழாவும் முடிந்துவிட்டால் பிறகு யாரும் அதைத் தொட மாட்டார்கள். அதை எத்தனையோ இடத்தில் பார்த்தாயிற்று. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

முதலில், ஒரு பயம். தடத்துக்குப் பெயர் பிங்க் லைன். அந்தப் பெயரைக் கேட்டதும் சுவர், தூண், படிக்கட்டு, பிளாட்பாரம் எல்லாவற்றிலும் பிங்க் வெளிச்சத்தைப் பாய்ச்சலாம் என்று யாருக்காவது தோன்றும். கேமராவில் அது அழகாகவே இருக்கும். திறப்பு விழா அன்றைக்கு ஒரு நாள் அப்படிச் செய்யுங்கள், நாங்களும் குடும்பத்தோடு வந்து பார்க்கிறோம். ஆனால் தினமும் ஜனங்கள் நடமாடுகிற இடத்தில் தயவுசெய்து வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். எம்.ஜி. ரோட்டில் பிங்க் லைனும் பர்ப்பிள் லைனும் சந்திக்கின்றன. மேலே 2011-லிருந்து ஓடுகிற பர்ப்பிள், கீழே புதிதாக வரும் பிங்க். ஜெயதேவாவில் பிங்கும் மஞ்சளும். நாளைக்கு நாகவாராவில் விமான நிலையத்துக்குப் போகிற நீலத் தடம் வந்து சேரும். ஆக, ஆயிரக்கணக்கானவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கப் போகிறார்கள். பிங்க் வெளிச்சத்துக்குக் கீழே ஒரு ஊதாப் பலகையைப் பிடித்துப் பாருங்கள், அது ஊதாவாகத் தெரியாது. சிவப்பு, பச்சை பிரித்தறியக் கஷ்டப்படுகிற கண் உள்ளவர்களுக்கு ஊதா ஏற்கெனவே நீலம் மாதிரிதான் தெரியும், வெளிர் பிங்க் சாம்பல் மாதிரித் தெரியும். இப்படிப்பட்டவர்கள் ஆண்களில் கணிசமாகவே இருக்கிறார்கள். வெளிச்சமும் சேர்ந்து குழப்பினால் அவர்கள் யாரைக் கேட்பார்கள்? பலகையில் பிங்க் இருக்கட்டும், வரைபடத்தில் இருக்கட்டும், ரயிலின் பட்டையில் இருக்கட்டும். அந்த நிறங்களைக் காட்டுகிற வெளிச்சம் வெள்ளையாக இருந்தால்தான் அவை நிறமாகத் தெரியும்.

சரி, வெள்ளை என்றால் எந்த வெள்ளை? எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரிகல் கடையில் போய் நின்றால் வார்ம் ஒயிட், நேச்சுரல் ஒயிட், கூல் டேலைட் என்று மூன்று பெட்டி எடுத்து வைப்பார்கள். 3000 கெல்வின், 4000 கெல்வின், 6500 கெல்வின். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு. எண் குறைந்தால் மஞ்சள் பக்கம், கூடினால் நீலம் பக்கம். நம் ஊர்களில் இந்த மூன்றாவதுதான் அதிகம் விற்கிறது. பளிச்சென்று இருக்கிறது, கரெண்ட் குறைவு, சுத்தமாகத் தெரிகிறது என்று சொல்லி வாங்குகிறார்கள். டியூப்லைட் காலத்திலிருந்து நம் கண்ணுக்கு வந்த பழக்கம் அது. வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் ஜன்னல் உள்ள அறையில் அது பொருந்தும். ஜன்னலே இல்லாத, தரைக்குப் பல மீட்டர் கீழே உள்ள ஒரு கூடத்தில், ராத்திரி பத்து மணிக்கு, நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் மேல் அந்த நீலம் கலந்த வெள்ளையைக் கொட்டினால் அந்த இடம் பிணவறை மாதிரி ஆகிவிடும். கடுமையான வார்த்தைதான். பல கட்டடங்களின் அடித்தளப் பார்க்கிங்கில் எனக்கு வந்த உணர்வு அதுதான்.

என் கோரிக்கை இது. பிளாட்பாரத்திலும் டிக்கெட் கூடத்திலும் 4000 கெல்வினைத் தாண்ட வேண்டாம். உட்காரும் இடங்கள், லிஃப்ட் முன்புறம், நீண்ட நடைபாதைகள் இங்கெல்லாம் 3000-க்குக் கிட்டே வரட்டும். மாலைக்கு மேல் அளவைக் கொஞ்சம் குறைக்கிற மாதிரி கண்ட்ரோல் வையுங்கள். காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கும் கடைசி ரயிலுக்கு ஓடுகிற பத்துப் பேருக்கும் ஒரே அளவு வெளிச்சம் தேவையில்லை.

கெல்வினைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சிஆர்ஐ. ஒரு விளக்கின் கீழே நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்பதற்கான மதிப்பெண் அது. சூரிய வெளிச்சத்துக்கு 100. டெண்டரில் பெரும்பாலும் 80 என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்த 80 எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். எட்டு மங்கலான நிறங்களை வைத்துப் பார்த்து அதன் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதை ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள். விலை குறைந்த எல்இடியில் சிஆர்ஐ 80 இருக்கும், ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்கும்.

அடர் சிவப்பு சரியாகத் தெரியாவிட்டால் என்ன போச்சு என்று கேட்கலாம். போவது நம் முகம். மாநிறத் தோலுக்கு உயிர் கொடுப்பதே அதற்குள் ஓடுகிற சிவப்புதான். அந்தச் சிவப்பை விளக்கு காட்டாவிட்டால் நம் ஜனங்களின் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். கண்ணாடியில் பார்க்கிறவருக்குத் தனக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றும். ஜவுளிக் கடை வேலையில் இதை நான் கற்றுக்கொண்டேன். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் புடவை எடுக்கிற பெண்கள் அதைக் கடை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே அரக்காகத் தெரிந்தது வெளியே மரூனாக இருக்கும். நல்ல கடைக்காரர்கள் அதற்கப்புறம் விளக்கை மாற்றினார்கள். வாசலுக்குப் போகிற பழக்கமும் குறைந்தது. புடவைக்குக் கொடுத்த மரியாதையைப் பயணிக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். சிஆர்ஐ 90, ஆர்9 குறைந்தது 50. இப்படிப்பட்ட எல்இடி அதே வாட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெளிச்சம் தரும், விலையும் சற்றுக் கூடும். அந்த வித்தியாசம் தாங்கக்கூடியது. முழுச் சீலிங்குக்கும் முடியாவிட்டால் பயணிகள் நிற்கிற, உட்காருகிற, பலகை படிக்கிற இடங்களுக்காவது செய்யுங்கள்.

இந்தத் தடத்தில் இது இன்னும் பொருந்தும். சிவாஜிநகரில் ஏறுகிறவர்கள் ரசல் மார்க்கெட்டிலிருந்து கனகாம்பரமும் ரோஜாவும் பழமும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். செப்டம்பரில் ஆரோக்கிய மாதா திருவிழா வந்தால் செயின்ட் மேரிஸ் பசிலிக்காவுக்குக் காவி உடுத்தி வருகிற கூட்டம் ஆயிரம் பல ஆயிரமாக இந்த நிலையத்தில்தான் இறங்கப்போகிறது. செப்டம்பர் 8-ஆம் தேதி தேர் அன்றைக்கு அந்த நிலையம் எப்படி இருக்கும் என்று இப்போதே யோசித்து, வெளியேறும் பக்கங்களிலும் நகரும் படிக்கட்டின் தலைப்பிலும் கடைசியிலும் வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு வசதி வைக்க வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பது ஒரு வழிகாட்டிப் பலகையைத்தான். அதற்குப் பின்னால் பளீரென்று ஒரு பேனல் லைட் இருந்தால் பலகை வெறும் நிழலாகத் தெரியும்.

அடுத்தது, மேலிருந்து கீழே இறங்கும்போது கண் படும் பாடு. இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. காவிரியில் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902-ல் முதலில் போய்ச் சேர்ந்த இடம் அந்தத் தங்கவயல்தான். பெங்களூருத் தெருவுக்கு மின்விளக்கு வந்தது 1905-ல். பூமிக்குள் மனிதன் வேலை செய்யும்போது வெளிச்சம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஷிஃப்ட் முடிந்து கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், மேலே வந்த அப்பா உடனே நடக்க மாட்டார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். கூட வந்தவர்களும் நிற்பார்கள். அது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு விதி கிடையாது, கண் தானாகக் கேட்ட அவகாசம்.

மெட்ரோ பயணிக்கு அப்படி நிற்க நேரம் கிடையாது. ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள். மத்தியான வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். உள்ளே நல்ல ஆபீஸ் மேசையில்கூட 300, 500 லக்ஸ்தான். ஒரு படிக்கட்டு இறங்கும் நேரத்துக்குள் கண் இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இளைஞர்களுக்குப் பரவாயில்லை. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அந்தப் பாட்டி தாத்தாக்கள் இறங்குகிற முதல் பத்துப் படியில்தான் விழுவார்கள்.

அதனால் நுழைவாயிலில் பகலில் வெளிச்சம் அதிகமாகவும், உள்ளே போகப் போகப் படிப்படியாகக் குறைந்தும் இருக்க வேண்டும். இரவில் இது தலைகீழ். வெளியே இருட்டு, அதனால் வாசல் மிதமாக இருக்க வேண்டும். சாலைச் சுரங்கங்களின் வாயில் விளக்குகளை இப்படித்தான் பகலுக்கும் இரவுக்கும் வேறுவேறாக அமைக்கிறார்கள். வாசலில் ஒரு சென்சார் வைத்தால் போதும். முடிந்த இடத்தில் நுழைவுக் கூரையைக் கண்ணாடியாக விட்டுப் பகல் வெளிச்சமே படிக்கட்டுப் பாதி வரை இறங்கினால் இன்னும் நல்லது. படிகளின் விளிம்பில் நிறப் பட்டை ஒட்டுங்கள். விளக்கு இறங்குகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருந்து அவர் நிழலே அடுத்த படியில் விழுகிற மாதிரி மாட்டாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் அவசரத்தில் செய்கிற வழக்கமான தப்பு இது.

மெருகேற்றிய கிரானைட் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் அது கௌரவத்தின் அடையாளமாகிவிட்டது. அதற்கு மேலே வரிசையாக வெறும் எல்இடி பட்டைகளை மாட்டினால் தரையில் அதே பட்டைகள் இன்னொரு முறை தெரியும். கண்புரை உள்ளவர்களுக்கு அது ஈரத் தரை மாதிரித் தோன்றும். ஒரு தனியார் வணிக வளாகத்தில் என் பெரியம்மா அப்படித்தான் தண்ணீர் என்று நினைத்துத் தாண்டப்போய்க் கால் பிசகி, இரண்டு மாதம் கட்டிலில் இருந்தார். தரைக்கு மெருகு குறைவான பூச்சு, விளக்குக்கு வெளிச்சத்தைப் பரப்பிவிடுகிற டிஃப்யூசர் மூடி, முடிந்தால் சுவரிலும் சீலிங்கிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம். இவ்வளவு செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பார்வை குறைந்தவர்களுக்காகத் தரையில் பதிக்கிற மஞ்சள் தொடுகல்லும் மஞ்சளாகவே தெரிய வேண்டும். முழுப் பார்வையும் இழக்காதவர்கள் பலர் அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

இந்தச் சுரங்க நிலையங்களில் பிளாட்பார ஓரத்தில் கண்ணாடிக் கதவுகள் வருகின்றன. மனதார வரவேற்கிறேன், எத்தனையோ உயிரை அவை காப்பாற்றும். ஆனால் கண்ணாடி என்றால் பிரதிபலிப்பு. பின்னால் உள்ள விளம்பரத் திரை, சீலிங் பட்டை எல்லாம் அந்தக் கண்ணாடியில் விழுந்தால் உள்ளே ரயில் நிற்கிறதா, கதவு எங்கே திறக்கும் என்று தெரியாமல் கண் தடுமாறும். விளக்கு வரிசையைக் கதவுக்கு எவ்வளவு தள்ளி, எந்தக் கோணத்தில் வைப்பது என்பதைக் காகிதத்தில் முடிவு செய்யாமல் ஒரு நிலையத்தில் நேரில் மாட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். விளம்பரத் திரைகளும் அப்படித்தான். வருமானம் வேண்டும் என்பது புரிகிறது. இரவில் அந்தத் திரைகள் நிலையத்திலேயே மிகப் பிரகாசமான பொருளாக இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே உச்சவரம்பு எழுதிவிடுங்கள். படிக்கட்டுக்கு நேர் எதிரே அசையும் படங்களே வேண்டாம்.

லக்கசந்திரா, டெய்ரி சர்க்கிள் பக்கம் வருகிறவர்களில் பலர் சும்மா பயணிகள் அல்லர். நிம்ஹான்ஸ் மூளை, மனநல மருத்துவமனைக்கும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கும் வருகிறவர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பையும் ஃபைலுமாக வந்து இறங்குகிற குடும்பங்களை அந்த ஹோசூர் ரோட்டில் தினமும் பார்க்கலாம். கீமோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்குக் கூசுகிற வெளிச்சமே வாந்தி வரவழைக்கும். ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கும் அப்படித்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை ஏறி இறங்கும். கரெண்ட்டைச் சீராக்கிக் கொடுக்கிற 'டிரைவர்' என்ற பாகம் மட்டமாக இருக்கிற எல்இடி வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் சிலருக்குத் தலையைப் பிளக்கும். மொபைல் கேமராவில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அந்த டிரைவர் சரியில்லை என்று நாங்கள் சைட்டில் கண்டுபிடிப்போம். இன்னொன்று, சாகப்போகிற விளக்கு மெதுவாக மினுக்கும். வினாடிக்குச் சில முறை, பத்துப் பதினைந்து முறை மினுக்கினால் வலிப்பு உள்ள சிலருக்கு அது ஆபத்து. மூளை நோய்க்கு நாட்டிலேயே பெயர் பெற்ற மருத்துவமனைக்குப் பக்கத்து நிலையத்தில் மினுக்குகிற ஒரு விளக்கை ஒரு ராத்திரிகூட விட்டுவைக்கக் கூடாது. புகார் வந்ததும் உடனே அணைக்கிற அதிகாரம் ஸ்டேஷன் கண்ட்ரோலருக்கு இருக்க வேண்டும். மாற்றுவது மறுநாள் ஆனாலும் சரி, முதலில் அணைக்கட்டும்.

பாட்டரி டவுன் நிலையத்துக்கு ஓர் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேட்டையில் தலைமுறை தலைமுறையாகக் குயவர் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. பிள்ளையாரும் பானையும் செய்வார்கள், தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல் செய்து ஊர் முழுக்க அனுப்புவார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய நிலையத்தில் ஒரு சுவரையாவது அவர்கள் கையால் செய்த சுடுமண் ஓடுகளால் மூடி, மேலிருந்து சுவரை ஒட்டினாற்போல வெளிச்சம் இறங்கும்படி செய்யலாம். அப்படி விழுகிற வெளிச்சத்தில் கைவிரல் பதிந்த தடம்கூடத் தெரியும். சுடுமண் தீப்பிடிக்காது, அதனால் தீயணைப்பு விதிக்கும் இடைஞ்சல் இல்லை. அதற்கு வார்ம் ஒயிட் மட்டுமே பொருந்தும். கூல் டேலைட்டில் செம்மண் செத்துப்போகும்.

இனி நிலையத்துக்கு வெளியே. இந்த மடலில் எதையாவது ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

கடைசி ரயிலில் இறங்குகிற ஒரு நர்ஸ், ஒரு கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசர், ஓட்டல் வேலை முடித்து வருகிற ஒரு அக்கா. இவர்களுக்கு நிலையத்துக்குள் பயம் கிடையாது. வாசலைத் தாண்டியதும் டேனரி ரோட்டின் குறுக்குச் சந்து, வெங்கடேஷ்புராவின் மூலை, கண்டோன்மெண்ட் ரயில் நிலையத்துக்குப் போகிற ஓரம், அங்கேதான் நடை வேகமாகும். தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்து இரவு ரயிலில் திரும்புகிற எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கண்டோன்மெண்ட்டில் இறங்கி மெட்ரோ பிடிக்க அவர்கள் நடக்கிற இரண்டு வேளையும் இருட்டு வேளை.

இங்கே விளக்கு வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாசலை ஜெகஜ்ஜோதியாகப் போட்டால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. அந்தப் பளிச்சிலிருந்து வெளியே காலை வைத்ததும் எதிரே உள்ள நடைபாதை இருக்கிறதைவிட இருட்டாகத் தெரியும். இருட்டில் எதிரே நிற்பவரின் கண்ணுக்கு வெளியே வருகிறவர் நன்றாகத் தெரிவார், வருகிறவரின் கண்ணுக்கு அவர் தெரிய மாட்டார். வேண்டியது அதிக வெளிச்சம் அல்ல, சீரான வெளிச்சம். எதிரே வருபவரின் முகம் நான்கு மீட்டருக்கு முன்பே அடையாளம் தெரிய வேண்டும் என்பது தெரு விளக்கு வடிவமைப்பில் பழைய விதி. அதற்கு வெளிச்சம் தரையில் மட்டும் விழுந்தால் போதாது, முகத்திலும் விழ வேண்டும். நம் ஊரில் உயரமான கம்பத்தில் உள்ள விளக்கு தூங்குமூஞ்சி மரத்தின் தலைக்கு மேலே எரிகிறது, இலைகள் நன்றாக வெளிச்சம் வாங்கிக்கொள்கின்றன, கீழே நடைபாதை இருட்டாகக் கிடக்கிறது. மரத்தை வெட்டச் சொல்லவில்லை. மரத்துக்குக் கீழே, நான்கைந்து மீட்டர் உயரத்தில், நடப்பவர்களுக்கென்று தனி விளக்கு வைக்கச் சொல்கிறேன்.

அது எங்கள் வேலை இல்லை, மாநகராட்சி வேலை என்று பதில் வரலாம். 2025 செப்டம்பரிலிருந்து பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். மின்சாரத்துக்கு பெஸ்காம். நடைபாதையில் ஒரு விளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது என்று எனக்கே, இதே தொழிலில் இருப்பவனுக்கே, சில நேரம் புரியவில்லை. நடக்கிற பெண்ணுக்கு அது எப்படிப் புரியும்? அதனால் ஒவ்வொரு நிலைய வாசலிலிருந்தும் எல்லாப் பக்கமும் குறைந்தது 200 மீட்டருக்குள் உள்ள விளக்குகளின் பொறுப்பை மெட்ரோவே ஒப்பந்தம் போட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். கம்பத்தில் எண் எழுதுங்கள். எரியாவிட்டால் அந்த எண்ணை ஸ்டேஷனில் சொன்னால் போதும் என்று இருக்கட்டும். நிலையம் மூடிய பிறகும் அரை மணி நேரமாவது வாசல் விளக்குகளை அணைக்காதீர்கள். ஆட்டோவுக்கோ, கூட்டிப்போக வரும் தம்பிக்கோ காத்திருப்பவர்கள் அந்த நேரத்தில்தான் தனியாக நிற்பார்கள்.

மின்தடைக்கான ஏற்பாடு விதிப்படி இருக்கும் என்று நம்புகிறேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: புகை மேலேதான் சேரும், அதனால் வெளியேறும் வழியைக் காட்டுகிற விளக்கும் ஒளிரும் பட்டையும் முழங்காலுக்குக் கீழேயும் இருக்கட்டும்.

பராமரிப்பு. நல்ல எல்இடிக்கு 50,000 மணி நேரம் என்று போடுவார்கள். அத்தனை நேரம் எரிந்தபின் வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும் என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். காலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரை எரிந்தால் ஏழரை வருடம். அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றும் போகும். அப்போது கையில் கிடைத்ததை மாட்டினால் ஒரு விளக்கு மஞ்சள், பக்கத்தில் ஒன்று நீலம், அடுத்தது செத்தது என்று சீலிங் முழுக்க ஒட்டுப்போட்டாற்போல ஆகிவிடும். அதே கெல்வின், அதே சிஆர்ஐ உள்ள ஸ்பேர்களை இப்போதே வாங்கி வையுங்கள். மாற்று விளக்கு டெண்டரிலும் அதே அளவுகளை எழுதுங்கள். விலை ஒன்றை மட்டும் பார்த்துக் கொடுத்தால் மூன்று வருடத்தில் நீங்கள் இன்றைக்கு எடுக்கிற இந்த நல்ல முடிவெல்லாம் வீணாகிவிடும்.

கடைசியாக ஒன்று. திறப்பதற்கு முன்பு எம்.ஜி. ரோடு நிலையத்திலும் சிவாஜிநகர் நிலையத்திலும் ஒரு பகலும் ஓர் இரவும் ஜனங்களை அழைத்துவந்து நடக்கவிடுங்கள். பாதுகாப்பு அதிகாரிகள் அனுமதிக்கிற அளவுக்கு, சின்னக் கூட்டமாக இருந்தாலும் போதும். கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், பார்வை குறைந்தவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய், இரவு ஷிஃப்ட் பெண்கள், கன்னடமும் தமிழும் உருதுவும் பேசுகிறவர்கள் எல்லோரும் அதில் இருக்கட்டும். விளக்குகளை இரண்டு மூன்று விதமாக மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். எங்கே கூசுகிறது, எங்கே தயங்கி நிற்கிறார்கள், எந்தப் பலகையைத் தேடுகிறார்கள் என்று உங்கள் பொறியாளர்கள் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளட்டும். ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடிய பலது அப்போதே தெரிந்துவிடும்.

டேனரி ரோடு, வெங்கடேஷ்புரா பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வருகிற பொறுப்பு என்னுடையது. லக்ஸ் மீட்டரும் நானே கொண்டு வருகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டேனரி ரோட்டுப் பக்கத்து எலக்ட்ரிகல் காண்ட்ராக்டர் ஒருவர்
பெங்களூரு